பெயரை அழித்தால் போதாது: தனிப்பட்ட தகவல்களிலிருந்து அடையாளத்தை நீக்க முழுமையான வழிகாட்டி

47 வயது, பெண், கணவர் இல்லை, சத்துணவு அமைப்பாளர், காசநோய் சிகிச்சை முடித்தவர்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய அமைப்பின் சுகாதாரக் கணக்கெடுப்பில் இருந்த ஒரு வரி இது. (வயதையும் வேறு சில விவரங்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.) பெயர், கதவு எண், போன் நம்பர் மூன்றையும் எக்செல்லில் இருந்து நீக்கியவன் நான்தான். நீக்கிய கையோடு, இனி இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்று நினைத்தேன். ஒரு கூட்டத்தில் அந்த அட்டவணையைத் திரையில் போட்டோம். தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊரில் ஒரே ஒரு பள்ளி, அந்தப் பள்ளிக்கு ஒரே ஒரு சத்துணவு அமைப்பாளர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த வாரமே சில வீடுகளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். அந்த அம்மா குணமாகி மாதக்கணக்காகியிருந்தது.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. "பேரு போடலன்னு சொன்னீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார். பெயரைப் போடவில்லைதான். அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். களப்பணி செய்பவர்கள், எம்.ஃபில், பி.எச்டி. மாணவர்கள், மகளிர் குழுக் கணக்கு வைத்திருப்பவர்கள், கிளினிக் ரெஜிஸ்டரை கம்ப்யூட்டரில் ஏற்றுபவர்கள், உள்ளூர்ச் செய்தி எழுதுபவர்கள் என அடுத்தவர் தகவல் கையில் இருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

முதலில்: பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் அவர்களுடைய மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயரும் முகவரியும் இல்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. அப்போது எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த லத்தான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறகு 1990-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தபோது, இந்த மூன்று தகவல்கள் மட்டுமே அமெரிக்கர்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று அவர் கணக்கிட்டார்.

நம் ஊரில் இது இன்னும் சுலபம். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக இணையத்தில் கிடைக்கிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் அதில் உண்டு. பட்டியலே தேவையில்லாத இடங்களும் இருக்கின்றன. பேருந்து நிலையத்துச் சுவரைப் பாருங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்த தேதி, வயது, மகன்கள், மருமகன்கள், பேரன்கள் பெயர் வரை இருக்கும். பூப்புனித நீராட்டு விழா பேனரில் பெண்ணின் பெயரும் படமும் இருக்கும். உங்கள் அட்டவணையில் "குடும்பத்தில் இறப்பு: 14 மார்ச், ஆண், 61" என்று ஒரு வரி இருந்தால், அந்த போஸ்டரை நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது போதும்.

இதனால்தான் ஹேக்கரை நினைத்துப் பயப்படுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரை நினைக்கச் சொல்கிறேன். நம் ஊர்களில் ஒருவருக்குத் தீங்கு செய்யக்கூடியவர் பெரும்பாலும் அவரை ஏற்கெனவே அறிந்தவர்: கணவர், மாமியார், முதலாளி, கடன் கொடுத்தவர், உறவுக்காரர். பாதி விவரம் அவர் கையில் இருக்கிறது. மீதியை நாம் கொடுத்துவிடக் கூடாது.

படி 1: யாருக்கு, எதற்கு?

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தத் தகவல் யார் கைக்குப் போகிறது? அவர்களுக்கு இதில் எது இல்லாவிட்டால் வேலை நடக்காது?

அமைப்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஆய்வாளருக்குக் கொடுப்பதும், இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போடுவதும் ஒன்றில்லை. இணையத்தில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு வேறொரு பட்டியல் வெளியானால், இன்று பாதுகாப்பாக இருந்தது அதோடு சேர்ந்து திறந்துகொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினாலே பாதித் தகவல் தேவையில்லை என்று தெரிந்துவிடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கேட்ட கேள்விகள்தான் ஆபத்தானவை. இன்னும் கணக்கெடுப்பு தொடங்கவில்லை என்றால் படிவத்திலேயே அவற்றை அடித்துவிடுங்கள். பிறந்த தேதிக்குப் பதிலாக வயதைக் கேளுங்கள். கூகுள் ஃபார்மில் ஈமெயில் முகவரியைத் தானாகச் சேகரிக்கும் அமைப்பு இருக்கிறது; அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: மூலத்தைத் தொடாதீர்கள்

மூல ஃபைலை அப்படியே பூட்டி வையுங்கள். புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, தேவையான நெடுவரிசைகளை மட்டும் மதிப்புகளாக (பேஸ்ட் வேல்யூஸ்) அதில் ஒட்டுங்கள். மூலத்தைக் காப்பி எடுத்து, வேண்டாததை ஒவ்வொன்றாக அழிப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது. அழிக்கும்போது ஒன்று விட்டுப்போகும். எடுத்துப் போடும்போது, நீங்கள் எடுக்காதது வரவே வராது.

படி 3: நெடுவரிசைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், நேரடியாக ஆளைக் காட்டுபவை. பெயர், போன், ஆதார், பான், ரேஷன் கார்டு எண், வங்கிக் கணக்கு, வண்டி எண், ஈமெயில், முகம், குரல், மருத்துவமனை கொடுத்த நோயாளி எண்.

இரண்டாவது, தனியாக இருந்தால் சாது, சேர்ந்தால் காட்டிக்கொடுப்பவை. வயது, பாலினம், ஊர், தெரு, தொழில், சாதி, மதம், படிப்பு, பிள்ளைகள் எண்ணிக்கை, மாற்றுத்திறன், திருமண நிலை, எல்லா விதமான தேதிகளும்.

மூன்றாவது, வெளியே தெரிந்தால் அவரைக் காயப்படுத்துபவை. நோய், கடன், வன்முறை, வருமானம், மதுப் பழக்கம், கருக்கலைப்பு.

சில தகவல்கள் இரண்டு குவியலிலும் விழும். தெருப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே பல நேரம் சாதியும் சேர்ந்து வந்துவிடும். சாதி நெடுவரிசையை நீக்கிவிட்டுத் தெருவை விட்டுவைத்தால் நீக்கியதாகவே ஆகாது. பெயரும் அப்படித்தான். மதம், ஏறக்குறைய எந்தத் தலைமுறை, சில நேரம் எந்த மாவட்டம் என்பது வரை நம் பெயர்கள் சொல்லிவிடும்.

படி 4: நேரடி அடையாளங்களை எடுத்துவிட்டுக் குறியீடு கொடுங்கள்

முதல் குவியலை முழுதாக நீக்குங்கள். "ச. முத்துலட்சுமி" என்பதை "ச.மு." என்று சுருக்கி வைப்பது வேண்டாம். முந்நூறு வீடுள்ள ஊரில் அந்த இரண்டு எழுத்து பெயருக்குச் சமம். ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைப்பதும் வேண்டாம். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டு. எண்ணூறு பேர் உள்ள கிராமத்தில் அது கிட்டத்தட்ட ஒருவரைத்தான் குறிக்கும். பான் எண்ணிலும் கவனம் தேவை. தனிநபர் பானின் ஐந்தாவது எழுத்து அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து.

ஒரே ஆளின் பதிவுகளைப் பின்னால் இணைத்துப் பார்க்க வேண்டியிருந்தால், ஆளுக்கொரு குறியீடு கொடுங்கள். அதைக் கொடுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

அகர வரிசையில் உள்ள பட்டியலுக்கு 001, 002 என்று எண் கொடுத்தால், ஊர்ப் பட்டியலை அதே வரிசையில் அடுக்கியதும் யார் 001 என்று தெரிந்துவிடும். வீடு வீடாகப் போன வரிசையும் அப்படியே. முதலில் வரிகளைக் கலைத்துப் போடுங்கள். எக்செல்லில் ஒரு காலி நெடுவரிசையில் ரேண்டம் எண் வரவழைத்து, அதை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். அதன் பிறகு குறியீடு கொடுங்கள். வெளியே கொடுக்கும் ஃபைலும் அந்தக் கலைந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

கணினி தெரிந்த நண்பர்கள் "போன் நம்பரை ஹேஷ் செய்துவிடலாம், திரும்ப எடுக்க முடியாது" என்பார்கள். ஹேஷ் என்பது ஒரு எண்ணைக் கணக்குப் போட்டுப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றுவது; ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கோவைதான் வரும். வெறும் ஹேஷ் இதற்கு உதவாது. 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடிதான். சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் எம்.டி.5 போன்ற வேகமான ஹேஷை எல்லா எண்ணுக்கும் போட்டுப் பார்த்து, எது பொருந்துகிறது என்று சொல்லிவிடும். ஆதாரும் அப்படியே: முதல் இலக்கம் 0, 1 வராது, கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. மிஞ்சுவது 8,000 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், கம்ப்யூட்டருக்கு மலையே இல்லை. 2014-இல் நியூயார்க் நகரின் 17 கோடிக்கு மேற்பட்ட டாக்ஸிப் பயணங்களின் தகவல் வெளியானபோது, வண்டி எண்களை எம்.டி.5 ஹேஷால் மறைத்திருந்தார்கள். ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்தில் அத்தனையையும் திரும்ப எடுத்துவிட்டார். எந்தத் தகவலிலிருந்தும் கணக்கிடாத, குருட்டாம்போக்கில் எடுத்த குறியீடுதான் பாதுகாப்பு.

எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல்தான் சாவி. அதை வேறொரு கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு போட்டு, ஒருவர் பொறுப்பில் வையுங்கள். அதே பென் டிரைவில் வேண்டாம். சாவி இருக்கும்வரை தகவல் முழுதாக அடையாளம் நீங்கியதாகாது.

படி 5: மீதியை மங்கலாக்குங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள்.

வயதை வரம்பாக்குங்கள்: 20–29, 30–39. முதியவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. அமெரிக்காவின் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்பு விதிகளில் 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்லும் ஒரு வழிமுறை உண்டு. அதில் 89-க்கு மேற்பட்ட எல்லோரையும் "90-ம் அதற்கு மேலும்" என்று ஒரே குவியலில் போடச் சொல்கிறார்கள். நம் கிராமத்தில் நான் 75-லேயே நிறுத்திவிடுவேன். ஊரில் மிக மூத்தவர் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இடத்தை ஒரு படி மேலே ஏற்றுங்கள். தெருவிலிருந்து ஊராட்சி, ஊராட்சியிலிருந்து ஒன்றியம், ஒன்றியத்திலிருந்து மாவட்டம். பின்கோடு வேண்டுமென்றால் முதல் மூன்று இலக்கம் போதும். அது அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தைக் குறிக்கும். அதுவும் மக்கள்தொகை போதுமான அளவு இருந்தால்தான். ஹிப்பாவில் முதல் மூன்று இலக்கப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

தேதிகளுக்கு, மாதமும் வருடமும் போதுமா என்று பாருங்கள். சிகிச்சை எத்தனை நாள் நடந்தது என்ற இடைவெளிதான் ஆய்வுக்கு முக்கியம் என்றால், ஆளுக்கு ஒரு ரேண்டம் எண் எடுத்து அவருடைய எல்லாத் தேதிகளையும் அத்தனை நாள் தள்ளிப்போடுங்கள். இடைவெளி மாறாது, போஸ்டரோடும் பொருந்தாது.

தொழிலில்தான் நான் விழுந்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். தலையாரி, ஊராட்சிச் செயலர், பூசாரி, அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், ரேஷன் கடை விற்பனையாளர் எல்லோரும் ஊருக்கு ஒருவர். "அரசு சார்ந்த பணி", "சுயதொழில்", "கூலி வேலை" என்று பெரிய பெட்டிகளில் போடுங்கள். ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பங்களே உள்ள சமூகத்தின் பெயரும் இதே கதைதான். ஆய்வுக்கு மிக அவசியம் என்றால் ஒழிய, வகுப்புப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணுங்கள். எக்செல்லில் பிவட் டேபிள் (வரிகளை வகைப்படுத்தி எண்ணித் தரும் அட்டவணை) ஒன்று போட்டு, இரண்டாவது குவியலில் மிஞ்சியதை எல்லாம் வரிசைப் பகுதிக்கு இழுத்து, குறியீட்டின் எண்ணிக்கையை மதிப்புப் பகுதியில் வையுங்கள். "30–39, பெண், கூலி வேலை, திருமணமானவர்: 23" என்பதுபோல் ஒவ்வொரு சேர்க்கைக்கும் எத்தனை பேர் என்று வரும். எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். ஒன்று, இரண்டு என்று வருபவர்கள்தான் கூட்டத்தில் தனியாக நிற்பவர்கள். மிகச் சிறிய குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அந்த எண்தான் உங்கள் ஃபைலின் பலம். இதை கே-அனானிமிட்டி என்பார்கள். 1998-இல் பியராஞ்சலா சமராட்டியும் ஸ்வீனியும் முன்வைத்த கருத்து. அமைப்புக்குள் பகிர ஐந்துக்குக் கீழே போகக் கூடாது என்பது என் அளவுகோல். வெளியே விடுவதற்கு அதையும்விட அதிகம் வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தகவல்களில் 11-க்குக் குறைந்த எண்ணிக்கையை வெளியிடுவதில்லை.

ஐந்துக்குக் கீழே இருக்கும் குழுக்களுக்கு இரண்டு வழிதான். வரம்பை இன்னும் அகலமாக்கலாம். முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம். வரியை எடுக்க ஆய்வாளருக்கு மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. ஆனாலும் எடுக்க வேண்டும். எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். கணக்கும் நேர்மையாக இருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இன்னொரு ஓட்டை இருக்கலாம். ஒரு ஊராட்சியில் 30–39 வயது ஆண்கள் எட்டுப் பேர் உங்கள் ஃபைலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கும் "மதுப் பழக்கம்: ஆம்" என்று இருந்தால், எந்த வரி யாருடையது என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. அந்த ஊரிலிருந்து கணக்கெடுப்பில் கலந்துகொண்ட அந்த வயது ஆண் யாராக இருந்தாலும் அவர் குடிப்பவர் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மூன்றாவது குவியலின் பதில்கள் கலந்து இருக்கின்றனவா என்று ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

தனித்தனி வரி இல்லாமல் தொகுத்த எண்ணிக்கையை மட்டும் வெளியிடும்போதும் இதே கவனம் வேண்டும். "2" என்று வரும் கட்டத்தை மறைத்துவிட்டு மொத்தத்தை விட்டுவைத்தால், கழித்துப் பார்த்து எடுத்துவிடுவார்கள். அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

படி 6: அவர்கள் சொன்ன வார்த்தைகள்

நேர்காணல், வாக்குமூலம், கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்தப் படிதான் கடினம். எக்செல்லில் கட்டம் கட்டமாக இருப்பது பேச்சில் ஒரே மூச்சில் கொட்டிக் கிடக்கும். இந்தப் பேச்சைப் பாருங்கள். உதாரணத்துக்காக நான் உருவாக்கியது:

"எங்க வீட்டுக்காரரு மார்க்கெட் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுறாரு. மூத்தவ கேரளாவுல நர்சிங் படிக்கா. சின்னவனுக்குக் காது கேக்காது. அம்மன் கோயில் கொடைக்கு முந்துன நாளுதான் என்னைய அடிச்சாரு."

பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வீட்டுக்காரருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், தன் மனைவி யாரிடமோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று. அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டே திருத்துங்கள்.

எது எது காட்டிக்கொடுக்கிறது? ஸ்டாண்டின் பெயர், கேரளாவில் நர்சிங், காது கேளாத பையன், கொடைக்கு முந்தின நாள். இவை தவிர மொழியே ஒரு முகவரி. "கொடை" என்றாலே நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம். "படிக்கா" என்ற முடிவும் அதையே சொல்லும். கொங்குப் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் "நோம்பி" என்றிருப்பார். இப்படி மாற்றலாம்:

"வீட்டுக்காரரு [வண்டி] ஓட்டுறாரு. பிள்ளைங்க [ரெண்டு பேரு]. [ஊர்த் திருவிழா] சமயத்துல என்னை அடிச்சாரு."

மாற்றிய இடங்களைப் பகர அடைப்பில் காட்டியிருக்கிறேன்; அது வாசகருக்கு நாம் செய்யும் மரியாதை. பையனின் காது விஷயத்தை அடியோடு எடுத்துவிட்டேன். கட்டுரையே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார்களைப் பற்றியது என்றால் அதை வைத்துக்கொண்டு, வேறு எல்லாவற்றையும் எடுப்பேன். ஆட்டோ, கேரளா, பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவும் இருக்காது.

வட்டார வழக்கை முழுதாக எடுத்துவிட்டால் அவர் குரல் செத்துவிடும் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. தாக்கப்படும் அபாயம் உள்ளவர் என்றால் பொதுப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடுவேன். அப்படி அபாயம் இல்லாத விஷயத்துக்கு வழக்கை விட்டுவைத்து ஊரை மறைப்பேன்.

மாற்றுப் பெயர் வைப்பதிலும் ஒரு வார்த்தை. முத்துலட்சுமியை முத்துமாரி ஆக்குவது மறைப்பதாகாது. ஒலியும் முதலெழுத்தும் ஒட்டாத, அதே தலைமுறையில் பரவலாக இருக்கும் பெயராக எடுங்கள். அந்த ஊரில் அந்தப் பெயரில் வேறொருவர் இருந்தால் பழி அவர் தலையில் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ஊர், கல்லூரி, தந்தையின் தொழில் மூன்றையும் எழுதும் செய்திகளை இன்றும் பார்க்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்தை நினைத்து மனம் பதறுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இது மனசாட்சியோடு நிற்பதில்லை, சட்டமும்கூட. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய வேறு எந்த விவரத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு தடுக்கிறது. 2018 டிசம்பரில், அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இதே போன்ற விதியை உச்ச நீதிமன்றம் விளக்கும்போது, பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்த விவரமும் வெளிவரக் கூடாது என்று தெளிவாக்கியது. போக்சோவின் அந்தப் பட்டியலை அச்சடித்து மேசையில் ஒட்டி வையுங்கள். எந்தத் தகவலைத் திருத்தும்போதும் உதவும்.

படி 7: படம், பிடிஎஃப், ஒரே ஒரு பேப்பர்

செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த இடக்குறிப்பு போய்விடும்; டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். முகத்தை மறைத்தபின் பின்னணியையும் பாருங்கள்: கடைப் பலகை, பள்ளிச் சீருடை, வண்டி எண், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு. மங்கலாக்குவதை நம்பாதீர்கள், முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். போட்டபின் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புங்கள். குரல் பதிவை வெளியே கொடுக்கவே வேண்டாம். குரலே ஒரு முகம்.

பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைவது மறைப்பாகாது. 2019 ஜனவரியில், அமெரிக்காவில் டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்பான பகுதியைத் தேர்ந்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டியதும் எழுத்து முழுதும் வந்துவிட்டது. நீங்கள் மறைத்ததும் அதே சோதனையைச் செய்யுங்கள். பாதுகாப்பான எளிய வழி: மறைத்து, பிரிண்ட் எடுத்து, திரும்ப ஸ்கேன் செய்வது.

எக்செல்லில் ஒளித்து வைத்த ஷீட், ஒளித்த நெடுவரிசை, பிவட் டேபிளுக்குள் தங்கும் மூலத் தகவல் மூன்றும் பெரிய ஆபத்து. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ், தகவல் உரிமை மனு ஒன்றுக்குப் பதிலாகக் கொடுத்த எக்செல் ஃபைலில் ஒளிந்திருந்த ஒரு ஷீட் வழியாக, 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் பெயர் விவரங்கள் வெளியே போயின. போலீஸ்காரர் என்பதையே குடும்பத்துக்கு வெளியே சொல்லாமல் வாழ்பவர்கள் இருக்கும் இடம் அது. அதனால் கடைசி ஃபைலை சிஎஸ்வி (வெறும் எழுத்தாக, காற்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும் வகை) ஆக்கி, நோட்பேடில் திறந்து, முதல் வரியிலிருந்து படியுங்கள். சிஎஸ்வியில் ஒளித்த நெடுவரிசையும் சேர்ந்தே வரும். நோட்பேடில் அது கண்ணில் பட்டுவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கூகுள் ஷீட்டில் திருத்தும் உரிமையோடு லிங்க் கொடுத்தால் பழைய பதிப்புகளையும் அவர்கள் பார்க்கலாம்; புதிய ஷீட்டில் மதிப்புகளை மட்டும் ஒட்டிக் கொடுங்கள்.

உதவி கேட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டை குரூப்பில் போடுபவர்களுக்கு: பெயரோடு நோயாளி எண், பார்கோடு, க்யூஆர் கோடு, பரிந்துரைத்த டாக்டர் பெயர், லேப் பெயர், நேரம் எல்லாவற்றையும் மறையுங்கள். ஆதார் அட்டையில் எண்ணை மறைத்துவிட்டு க்யூஆர் கோடை விட்டுவிட்டால், பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

படி 8: நீங்களே உடைத்துப் பாருங்கள்

முடிந்தது என்று தோன்றியதும் ஒரு மணி நேரம் எதிராளியாக உட்காருங்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது: கம்ப்யூட்டர் நிபுணத்துவம் இல்லாத, ஆனால் கண்டுபிடித்தே தீருவது என்ற முனைப்புள்ள ஒருவர், நூலகம், இணையம், விசாரிப்பு இவற்றை வைத்துக் கண்டுபிடிப்பாரா? ஃபேஸ்புக், உள்ளூர்ச் செய்தி, வாக்காளர் பட்டியல் மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு பத்து வரிகளை முயன்று பாருங்கள். அந்த ஊரைச் சேர்ந்த, ஏற்கெனவே மூலத்தைப் பார்க்க அனுமதி உள்ள ஊழியர் ஒருவர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். "இதுல யாராச்சும் உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டால் போதும். வெளியாள் ஒருவரிடம் கேட்டுச் சோதிக்காதீர்கள். அந்தச் சோதனையே கசிவாகிவிடும்.

படி 9: கொடுக்கும் நாளும் அதற்குப் பிறகும்

வாங்குபவரிடம் எழுத்தில் மூன்று வாக்குறுதி வாங்குங்கள்: யாரையும் கண்டுபிடிக்க முயல மாட்டேன், வேறு பட்டியலோடு இணைக்க மாட்டேன், இந்த நோக்கம் முடிந்ததும் அழித்துவிடுவேன். நீங்களும் சாவிப் பட்டியலை அழிக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். காகிதப் படிவங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் ஒரு வங்கிக் கடன் விண்ணப்பத்தை நான் படித்திருக்கிறேன்.

இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆளை அடையாளம் காணக்கூடிய தகவல் எதுவாக இருந்தாலும் அந்தச் சட்டத்தில் தனிநபர் தரவுதான், பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இதற்காக இருக்கிறது.

தகவல் கேட்கும்போதே உண்மையைச் சொல்லுங்கள். "யாருக்குமே தெரியாதும்மா" என்று சொல்லாதீர்கள். நான் இப்போது சொல்வது இது: "உங்க பேரு, ஊரு, வேலை மூணும் வெளியில வராது. நீங்க சொன்னதைப் பலர் சொன்னதோட கலந்துதான் போடுவோம். எதைப் போட வேண்டாம்னு நினைக்கிறீங்களோ இப்பவே சொல்லுங்க, எழுதாம விட்டுடறேன்." பலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றிரண்டு விஷயங்களை எடுக்கச் சொல்வார்கள். அவர்கள் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றாக இருக்கும்.

அந்தச் சத்துணவு அமைப்பாளரின் வரி இன்று என் கைக்கு வந்தால், ஊர்ப் பெயர் போய் மாவட்டம் வரும். 47 என்பது 40–49 ஆகும். "கணவர் இல்லை" என்பது தேவையில்லாததால் போய்விடும். வேலை "அரசு சார்ந்த பணி" ஆகும். பிறகு பிவட் டேபிளைப் பார்ப்பேன். அந்தச் சேர்க்கையில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் வரியை எடுத்துவிட்டு, அறிக்கையின் கீழே "சிறு குழுக்களில் இருந்த சிலரின் பதிவுகள் சேர்க்கப்படவில்லை" என்று எழுதுவேன்.